பல்லும் சுழியும்: ஒலிக்கருவி மதிப்புரைகளைப் பற்றி ஓர் உரை

(கோயம்புத்தூரில் இசை ஆர்வலர்கள் சிலரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

காங்கயத்தை அடுத்த கண்ணபுரத்தில், மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அங்கே காளை வாங்க வருபவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல்லா, நான்கு பல்லா என்பதிலேயே வயது தெரிந்துவிடும். தரகர் என்ன சொன்னாலும் பல் மாறாது. அடுத்து உடம்பில் உள்ள மயிர்ச் சுழி பார்க்கிறார். சுழிக்குப் பலன் சொல்வதோ ஆளுக்கு ஆள் மாறும். இலட்சக்கணக்கில் விலை போகும் ஆம்ப்ளிஃபையர்களையும் ஸ்பீக்கர்களையும் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதும் மதிப்புரைகளை நெடுநாளாக வாசித்துவரும் எனக்கு, அவற்றில் பல் குறைவு, சுழி அதிகம் என்றே தோன்றுகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் ஹைஃபை எனப்படும் உயர்தர ஒலிக்கருவிகளுக்கான அமெரிக்கப் பத்திரிகைகள் ஆய்வக அளவீடுகளையே பெரிதும் நம்பியிருந்தன. கருவியை வீட்டில் வைத்துக் கேட்டு, காதுக்குப் பட்டதை எழுத வேண்டும் என்று 1962இல் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையைத் தொடங்கினார் ஜே. கோர்டன் ஹோல்ட். 1973இல் ‘தி அப்சலூட் சவுண்ட்’ பத்திரிகையைத் தொடங்கிய ஹாரி பியர்சன், மின்பெருக்கம் இல்லாமல் அரங்கில் நேரில் ஒலிக்கும் இசையே அளவுகோல் என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாகஸ்வரத்தைக் கோயில் பிரகாரத்தில் நேரில் கேட்ட எவரும் பியர்சனை மறுக்கமாட்டார். ஆனால் அவர்கள் வழியில் வந்தவர்களிடம் ‘வெதுவெதுப்பு’, ‘காற்றோட்டம்’, ‘மேடையின் ஆழம்’ என்று சொற்கள் பெருகிய அளவுக்கு, அந்தச் சொற்களைச் சோதித்துப் பார்க்கும் முறைகள் பெருகவில்லை.

ஸ்டீரியோஃபைல் ஆண்டுக்கு இருமுறை வெளியிட்டுவந்த பரிந்துரைப் பட்டியல், கருவிகளை ஏ, பி, சி, டி என்று வகுப்புப் பிரித்தது. நம் ஊரில் விற்பனையாளர் மேசைமேல் மடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இப்படியொரு பக்கம்தான். அதே பத்திரிகை, மதிப்புரைக்குப் பின்னால் ஆய்வக அளவீட்டு வரைபடங்களையும் அச்சிடுகிறது. முன்பக்கத்தில் கவிதையாகப் புகழப்பட்ட கருவி பின்பக்கத்து வரைபடத்தில் தடுமாறுவது உண்டு. இரண்டையும் மறைக்காமல் வெளியிடும் நேர்மையை நான் மதிக்கிறேன். கடைக்காரர் எடுத்துவைக்கும் நகலில் பின்பக்கம் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கருவி உற்பத்தியாளரிடமிருந்து இரவலாக வருகிறது; சில மாதங்கள் விமர்சகர் வீட்டில் இருக்கிறது; பிடித்துப்போனால் கடை விலையைவிடக் குறைந்த சலுகை விலையில் அவரே வாங்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அடுத்த பக்கத்தில் அதே உற்பத்தியாளரின் விளம்பரம் இருக்கலாம். எல்லோரும் விலைபோனவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும்போது, தரகருக்குத் தரகு உண்டு என்பது வாங்குபவருக்குத் தெரிந்தே இருக்கிறது. பத்திரிகை வாசகருக்கு அந்த அளவுக்குக்கூடச் சொல்லப்படுவதில்லை என்பதே என் குறை.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் கண். 1994இல் ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களை ஒலிக்கவிட்டார்கள். ஒருமுறை கண்ணுக்குத் தெரியும்படி, ஒருமுறை திரைக்குப் பின்னால். விலை குறைந்த சிறிய ஸ்பீக்கர், கண்ணால் பார்த்த மாத்திரத்தில் மதிப்பெண்ணில் இறங்கியது. கேட்டவர்களோ ஸ்பீக்கர் தயாரிக்கும் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள்! ஹோல்ட்டின் பத்திரிகைக்கே 1985இல் இப்படியொரு பாடம் கிடைத்தது. ‘நீங்கள் காட்டும் விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையரைப் போலவே என் மலிவான ஆம்ப்ளிஃபையரையும் 48 மணி நேரத்தில் ஒலிக்கவைக்கிறேன்’ என்று ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் பாப் கார்வர் அதன் ஆசிரியர்களிடம் சவால் விட்டு, விடுதி அறையில் உட்கார்ந்து அதை மாற்றியமைத்தார். ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது ஒலி அளவு. அரை டெசிபல் ஏறினால் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று காது சொல்வதில்லை; ‘தெளிவு கூடியிருக்கிறது’ என்று சொல்லிவிடும். சென்ற மாதம் இராமநாதபுரத்தில் நண்பர் வீட்டில் இதைச் செய்துபார்த்தோம். பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று, அதைப்போல் எட்டு மடங்கு விலையுள்ள புதியது ஒன்று. இரண்டிலும் வால்யூம் குமிழைக் காதால் கேட்டுச் சமமாக வைத்தபின், ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரைத் தொட்டுப்பார்த்தால், பழையதில் 2.83 வோல்ட், புதியதில் 3.00. அதுதான் அரை டெசிபல். அதுவரை ஐந்து பேரும் புதியதையே புகழ்ந்துகொண்டிருந்தோம். மீட்டரைப் பார்த்துச் சமன் செய்து, இரண்டின்மேலும் போர்வையைப் போர்த்தி, நண்பரின் மகளை மாற்றி மாற்றி இணைப்புக் கொடுக்கச் சொன்னோம். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சொன்னது ஒத்துவரவில்லை. நானும் இரண்டாம் சுற்றில் சொன்னதை நான்காம் சுற்றில் மறுத்தேன்.

ஆகவே ஒரு மதிப்புரை கையில் கிடைத்தால், ஒலி அளவைச் சமன் செய்தார்களா, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டார்களா என்ற இரண்டையும் முதலில் தேடுகிறேன். இரண்டும் இல்லையென்றால் பின்பக்கத்து வரைபடத்துக்குப் போய்விடுவேன். ஸ்பீக்கர் விஷயத்தில் வரைபடம் நிறையவே சொல்லும், ஆம்ப்ளிஃபையரில் ஓரளவு, கேபிள் மதிப்புரைகளை நான் படிப்பதையே நிறுத்திவிட்டேன்.

போர்வையை எடுத்த பிறகு நண்பர் எதை வைத்துக்கொண்டார் என்று கேட்பீர்கள். விலை உயர்ந்ததைத்தான். அந்த அலுமினிய முகப்பைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்கப் பிடித்திருக்கிறது என்றார். அவரோடு எனக்கு வழக்கில்லை.