தசைக்குள் இறங்கும் பிரியான்

நேயர்களுக்கு வணக்கம். கண்களை மூடிக்கொண்டு ஒரு கையை மெல்ல உயர்த்திப் பாருங்கள். வாகனத்தில் செல்பவர்கள் வீட்டுக்குப் போனபின் செய்தால் போதும். கை எந்த உயரத்தில் நிற்கிறது என்பது பார்க்காமலேயே உங்களுக்குத் தெரியும். அதை மூளைக்குத் தெரிவிப்பவை, தசைநார்களுக்கு நடுவே நூல் நூற்கும் கதிரின் வடிவில், சில மில்லிமீட்டர் நீளத்தில் அமைந்திருக்கும் தசைக்கதிர்கள். அந்தக் கதிரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியான் பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று. உடலில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம் தவறாக மடிந்து, தன்னைத் தொடும் நல்ல புரதத்தையும் அவ்வாறே மடிய வைக்கும்போது அது நோய்க்காரணியாகிறது. 1982இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஸ்டான்லி புருசினர் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். செம்மறியாடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பியும் பைத்தியப் பசு நோயும் இவ்வகையைச் சேர்ந்தவை.

தீவனத்தோடு உள்ளே போன பிரியான் குடற்சுவரின் நிணநீர்த் திட்டுகளில் பெருகி, குடல் நரம்புகளைப் பற்றிக்கொண்டு தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. விளக்கங்கள் பலவும் இங்கேயே நின்றுவிடுகின்றன. நான் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருவது மறுபாதியை: நரம்பு ஏறுவதற்கு மட்டுமான வழியன்று, இறங்குவதற்கும் அதுவே வழி.

ஒருமுறை, ஸ்கிரேப்பி கண்ட ஆட்டின் தசையை மெல்லிய சீவலாக்கி, பிரியானைப் பழுப்பாகக் காட்டும் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்திருந்தேன். வெளிர்நீல நார்களைத் தவிர வேறொன்றும் வெகுநேரம் தென்படவில்லை. அலுத்துப்போய்ச் சீவலின் ஓரத்துக்கு நகர்த்தியபோது, ஒரு தசைக்கதிரின் உறைக்குள் மட்டும், செங்கற்பொடி தூவினாற்போலப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அதை ஒட்டியிருந்த நார்களில் ஒரு புள்ளியும் இல்லை. நரம்பு தசையைத் தொடும் இடம் அது. மறுபடியும் சொல்கிறேன், நரம்பு தொடும் இடம்.

நாக்கு இதற்கு இன்னும் தெளிவான சான்று. நரம்புகள் செறிந்த அந்தத் தசைக்கு மூளையிலிருந்து பிரியான் இறங்குவதையும், நாக்கில் செலுத்தியது மூளைக்கு ஏறுவதையும் ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மூளையையும் தண்டுவடத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவதெல்லாம் தூய சதை என்று நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை; நரம்பில்லாத சதை எந்த விலங்கிலும் கிடையாது. அளவு குறைவு என்பது உண்மைதான்: ஸ்கிரேப்பி ஆடுகளைப் பற்றி 2004இல் வெளிவந்த ஆய்வில், தசையின் தொற்றுத்திறன் மூளையில் உள்ளதைவிட ஏறத்தாழ 5,000 மடங்கு குறைவாக இருந்தது. ஆனால் நோயின் அறிகுறி தோன்றுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பிரியான் தசையில் இருந்தது.

எலிகளின் பின்னங்கால் தசையில் பிரியான் பெருகிச் சேர்வதாக 2002இல் வெளிவந்த ஆய்வை விரித்துரைக்க எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. மான்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்க மான்களை எலும்பும் தோலுமாக்கும் நோயில், நோயுற்ற மானின் தொடைத் தசையே, மானின் புரதத்தைத் தாங்குமாறு உருவாக்கப்பட்ட எலிகளுக்கு நோயைத் தந்தது என்று 2006இல் தெரியவந்தது. சமையலின் வெப்பம் பிரியானை அழிப்பதில்லை. ஆதலால் அந்நோய் பரவியுள்ள பகுதிகளில் வேட்டையாடுபவர்கள், மானைச் சோதனைக்கு அனுப்பி, நோயில்லை என்ற முடிவு வந்த பிறகே அதன் இறைச்சியை உண்ணவேண்டும். வணக்கம்.