வெள்ளிப் பூனையின் மூக்கு

வணக்கம் நேயர்களே.

நீள முடி கொண்ட சின்சிலா பெர்ஷியன் பூனையைத் தூரத்தில் பார்த்தால் வெள்ளைப் பூனை என்றுதான் சொல்வீர்கள். பக்கத்தில் போய் முதுகு முடியை விரலால் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முடியும் அடியிலிருந்து தூய வெள்ளை. நுனியில் மட்டும், ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, கறுப்பு. அந்தக் கறுப்புதான் பூனை அசையும்போது வெள்ளியாக மினுங்குகிறது. பச்சைக் கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் ஒரு கருங்கோடு. செங்கல் நிற மூக்குக்கும் அதே கருங்கரை.

இது தானாக வந்த இனமில்லை. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேர் என்ற ஓவியர் பெரிய பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். அதற்கப்புறம் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் பூனை வளர்ப்பு ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. 1882-இல் பிறந்த சின்னி என்ற பெண் பூனையை வைத்துத் திருமதி வாலன்ஸ் என்பவர் வெளிர்நிறப் பூனைகளை வளர்த்தெடுத்தார். சின்னியின் பேரன்தான் சில்வர் லாம்ப்கின், இந்த இனத்தின் முதல் நட்சத்திரம். 1906-இல் அது இறந்ததும் உடலைப் பதப்படுத்தி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். விக்டோரியா மகாராணியின் பேத்தி ஒருவரும் சின்சிலா வளர்த்தார். அப்புறம் மவுசுக்குக் கேட்கவா வேண்டும்!

அந்தக் காலத்துச் சின்சிலாக்கள் இன்றைக்கு இருப்பதைவிடக் கருமையானவை. தலைமுறை தலைமுறையாக வெளிர்ந்த குட்டிகளையே பொறுக்கி இணைசேர்த்ததில்தான் இந்த நிறம் வந்தது. பொறுக்குவதும் லேசில்லை. பிறந்த குட்டியின் உடம்பில் பெரும்பாலும் கருங்கோடுகள் இருக்கும். சில வாரங்களில் அவை மங்கிவிடும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். முடியில் மஞ்சள் நிறமி சேரவிடாமல் தடுக்கும் ஒரு மரபணுதான் வெள்ளிக்குக் காரணம். அது இல்லாத குட்டி அதே ஈற்றில் பொன்னிறமாகப் பிறக்கும். அழகான பூனைதான், ஆனாலும் கண்காட்சிகளில் அதற்கு நெடுநாள் இடமில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் பெர்ஷியன் பூனையின் முகத்தைத் தட்டையாக்கிக்கொண்டே போனார்கள். மூக்கு உள்ளே போனது, மூச்சு திணறியது, கண்ணில் ஓயாமல் நீர் வழிந்தது. வெள்ளிப் பூனைகள் இதில் ஓரளவு தப்பித்தன. மனிதர்களின் கருணையால் அல்ல, பச்சைக் கண்ணால்! செம்பு நிறக் கண்ணுள்ள மற்றப் பெர்ஷியன்களோடு சேர்த்தால் குட்டிகளின் கண் பச்சையும் இல்லாமல் செம்பும் இல்லாமல் கலங்கிப்போகும். அதற்குப் பயந்தே பலர் வெள்ளிப் பரம்பரையைத் தனியாக வைத்துக்கொண்டார்கள். கண்ணுக்காகப் போட்ட வேலி மூக்கையும் காத்தது.

சரி, வேலி என்று சொன்னேன். 1981-இல் லண்டனில் ஒரு வீட்டில் அந்த வேலி திறந்தே கிடந்தது. மிராண்டா வான் கிர்ச்பெர்க் என்ற பிரபுகுலப் பெண்மணியின் பர்மியப் பெண் பூனையும் சின்சிலா ஆண் பூனையும், யாரும் திட்டமிடாமலே ஜோடி சேர்ந்துவிட்டன. நான்கு குட்டிகள். எல்லாமே வெள்ளிச் சாயல், ஆனால் குட்டை முடி. பர்மில்லா என்ற இனம் அங்கே தொடங்கியது. நீள முடிக்கான மரபணு ஒடுங்கு வகை, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால் அந்தக் குட்டிகளில் அது மறைந்தே இருந்தது. பின்வந்த தலைமுறைகளில் நீள முடிக் குட்டிகள் பிறந்தபோது, அவற்றை ஒதுக்கிவிடாமல் பிரிட்டனில் டிஃபனி என்று தனிப் பெயரிட்டு வளர்த்தார்கள்.