கீழே படுத்துப் பார்க்காமல் காசை எண்ண வேண்டாம்

வணக்கம் நேயர்களே. என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி, "ஐயா, பழைய கார்களைப் பற்றி ஏதாவது" என்றுதான் கேட்டார். ஏதாவது என்றால் நான் விடிய விடியக் கதைப்பேன், அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பது. மட்டக்களப்பில் இதை யார் வாங்குகிறார் என்று சிரிக்காதீர்கள். லீவுக்கு ஊருக்கு வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்குகிறார்கள், என்னைப் போலப் பென்சன் எடுத்த விசரர்களும் வாங்குகிறார்கள். மொறிஸ் மைனர் தேடுகிறவருக்கும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும், ஆகவே ரேடியோவை மூடிவிடாதீர்கள்.

நான் வைத்திருப்பது எம்ஜி மிட்ஜெட். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1961 முதல் 1979 வரை செய்த கார். இதை வாங்கப் போகிற ஆக்கள் எல்லோரும் முதலில் செய்வது பொனட்டைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பதுதான், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இன்ஜினைக் கண்டு ஏன் பயப்படுகிறீர்கள்? 1974 வரை வந்த மிட்ஜெட்டில் இருப்பது உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ ஓட்டிய மொறிஸ் மைனரின் அதே ஏ சீரிஸ் குடும்பத்து இன்ஜின், பழைய மினியிலும் அதுதான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற மெக்கானிக் பாஸ்மார் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் பழுதென்றால் செலவு. உடம்பு கறள் பிடித்துப் போனதென்றால் அது செலவு இல்லை, அழிவு.

ஏன் என்று சொல்கிறேன். லொறிக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு செஸி இருக்கும், பாடி அதன் மேலே உட்கார்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். மிட்ஜெட்டுக்கு அப்படித் தனிச் செஸி கிடையாது, பாடித் தகரம்தான் எலும்பு. வீட்டில் சப்பாத்துப் பெட்டி இருந்தால் மூடியோடு பிடித்து முறுக்கிப் பாருங்கள், அப்புறம் மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். மூடி இல்லாத பெட்டிதான் இந்தக் கார், கூரை இல்லை அல்லவா. காரின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது கதவுகளுக்குக் கீழே முன்னுக்கும் பின்னுக்குமாக ஓடுகிற இரண்டு தகரப் பெட்டிகள். சில் என்பார்கள், நம்முடைய சில்லு அல்ல, இது வேறு. அந்த இரண்டும் உள்ளுக்குள்ளே கறள் தின்று போயிருக்கும், வெளியே பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னும்.

எனக்கு இது எப்படித் தெரியும்? பட்டுத்தான்.

2003. சமாதான காலம், றோட்டுகள் திறந்திருந்தன, கையில் கொஞ்சம் காசும் இருந்தது. கண்டிப் பக்கம் ஒரு சிவப்பு மிட்ஜெட் நிற்கிறது என்று கேள்விப்பட்டுத் தனியாகப் போனேன். தனியாகப் போனது முதல் பிழை. விற்கிறவர் நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார், பிளேன்ரீயும் தந்து, "இது மலைநாட்டுக் கார் மாத்தயா, உப்புக் காற்றே படவில்லை, முப்பது வருசமாகப் பாடியில் கை வைக்கவில்லை" என்றார். கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீடு வைத்திருக்கிற எனக்கு, ஜன்னல் கம்பியை வருசா வருசம் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற எனக்கு, உப்புக் காற்றே படாத கார் என்றால் எப்படி இருக்கும்! இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார், தையல் மிசின் மாதிரி ஓடியது. காசைக் கொடுத்துவிட்டேன்.

பதுளை வந்து, பிபிலை, மகா ஓயா தாண்டி செங்கலடிக்கு இறங்குகிற றோட்டில் வந்தேன். அந்தக் காலத்தில் அந்த றோட்டு இருந்த இருப்பு ஓடியவர்களுக்குத் தெரியும், குழிக்குள்ளேதான் றோட்டு. ஒவ்வொரு குழிக்கும் கதவடியில் கிரீச் என்று ஒரு சத்தம். பழைய கார், முனகத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன். செங்கலடிச் சந்தியில் தேத்தண்ணி குடிப்போம் என்று நிறுத்தினால் கதவு திறக்கவில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கூரை மடித்திருந்தது புண்ணியம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதவுக்கு மேலால் ஏறி இறங்கினேன், கடையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க. ஒருவர் கேட்டார், "என்ன ஐயா, குதிரையா?"

அடுத்த நாள் காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு பாஸிடம் கொண்டுபோனேன், வயதானவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். இன்ஜின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஒரு சாக்கை விரித்தார், கீழே போனார், ஸ்குரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார், அது பிடிவரை உள்ளே போய்விட்டது. பிறகு அந்தப் பெட்டியை வெட்டித் திறந்தோம். உள்ளே கோழிக்கூட்டுக் கம்பிவலை, அதன் மேலே பட்டி என்கிற, ஓட்டையை மூடிப் பெயிண்ட் அடிக்கப் பூசும் பசை, அதற்குப் பின்னால் சுருட்டித் திணித்த சிங்களப் பேப்பர். பேப்பரின் தேதி ஐந்து வருசத்துக்கு முந்தியது, முப்பது வருசமாகக் கை வைக்காத பாடியில். அடியில் ஒரு கைப்பிடி மணல், மணலுக்குள் சிப்பித் துண்டு. மலைநாட்டுக் காருக்குள் கடற்கரை! காக்கா மணலைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க வாங்கினது பெயிண்ட். கார் இனித்தான் செய்யணும்." செய்தோம், பதினான்கு மாதம் ஆனது. காசைக் கேட்காதீர்கள், வீட்டிலும் இது கேட்கும்.

சரி, இதுவரை கதைதான். வாங்கப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்? ஒரு சாக்கு, ஒரு டோர்ச், காரைத் தூக்குகிற ஜக் ஒன்று, பழுதான ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்று. பெயிண்டில் கீறல் விழாமல் காந்தத்தை லேஞ்சியில் சுற்றிக்கொள்ளுங்கள். கதவின் மேல் பக்கம் வைத்தால் பிடிக்கும், அப்படியே கீழே கொண்டு வாருங்கள், கதவின் அடி, சில், மட்கார்டின் கீழ்முனை. எங்கே பிடி விட்டுத் தொப்பென்று விழுகிறதோ அங்கே தகரம் இல்லை, பட்டிதான். ஒன்று கவனம், மிட்ஜெட்டின் அண்ணன் மாதிரியான எம்ஜிபி என்ற காரில் ஆரம்பகாலத்தில் வந்தவற்றின் பொனட் அலுமினியம், அதில் காந்தம் பிடிக்காது, அதற்காக விற்கிறவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்தது ஜக். முதலில் கதவுக்கும் பாடிக்கும் இடையில் உள்ள இடைவெளியை வடிவாகப் பாருங்கள், மேலேயும் கீழேயும் ஒரே அளவா என்று. பிறகு அந்தப் பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். திறந்த கதவு மூடாவிட்டால் கார் நடுவில் தொய்கிறது, எனக்குச் செங்கலடியில் நடந்தது அதுதான். கார் எழும்பாமல் ஜக் மட்டும் உள்ளே போனால் ஜக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஜக்கில் நிற்கிற காருக்குக் கீழே மட்டும் ஒருநாளும் தலையை வைக்க வேண்டாம். சாக்கை விரித்துப் படுத்துப் பார்ப்பது நான்கு சில்லும் நிலத்தில் நிற்கும்போதுதான், எதுவரை தெரிகிறதோ அதுவரை. பின் ஸ்பிரிங் பாடியோடு சேர்கிற இடத்தைப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான், விற்கிற கிழமையில் யாருக்கு அப்படி அக்கறை வரும்? காலடியில் விரித்திருக்கிற மெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் வெள்ளம் குடித்த வண்டி. சுனாமியையும் 2011 வெள்ளத்தையும் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தம்பி விரலால் நான்கு நிமிசம் என்று காட்டுகிறார். பார்த்தீர்களா, கறளிலேயே போய்விட்டது. இன்ஜினை ஓடி ஓடிச் சொல்கிறேன். போனதும் பொனட்டில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், ஆறும்வரை காத்திருங்கள். ஒயில் மூடியைக் கழற்றினால் உள்ளே தயிராடை மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலக்கிறது, இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கலாம். ஓடும்போது அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் நீலப் புகை வருகிறதா என்று பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீலம் என்றால் ஒயில் எரிகிறது. சூடான பிறகும் ஒயில் அழுத்தம் காட்டுகிற முள் ஓட்டத்தில் 40க்கு மேலே நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்குப் போட்டால் கரகரக்கிறது என்று விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், 1974 வரை வந்த மிட்ஜெட்டின் முதல் கியரில் சத்தமில்லாமல் கியரைச் சேர்க்கிற சின்க்ரோ கிடையாது, அது பிறவிக் குணம். கம்பிச் சில்லு என்றால் முன்னே போய்ப் பிரேக், ரிவர்சில் போய்ப் பிரேக், டக் என்று அடித்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது.

இனிப் புத்தகம், காரின் பதிவுப் புத்தகம். அதற்குத்தான் ஐந்து நிமிசம் ஒதுக்கி வைத்திருந்தேன். இருக்கிற நேரத்துக்கு இதுதான்: தகட்டில் உள்ள செஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தில் உள்ளதுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், மைனரில் கழற்றிப் போட்ட இன்ஜினும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் முன்னால் நிற்கிறாரா என்று அடையாள அட்டையைக் கேளுங்கள். ஓபன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, நான்கு கை மாறிய கார் என்றால் எவ்வளவு வடிவாக இருந்தாலும்... சரி, கண்ணாடிக்கு அங்கால் தம்பி எழும்பியே நின்றுவிட்டார். மீட்டரைத் திருப்பி வைக்கிற கதை ஒன்றும் இருந்தது, அது நிற்கட்டும். வணக்கம்.