ஒரு குறியீட்டுக்காக ஏழு வாரம்: என் பெருங்குடல் ஸ்கோப்பும் 2,340 ராண்டும்

வணக்கம், அன்பு நேயர்களே. இன்று காலை தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் ஸ்கோப் சோதனையின்போது எனக்கு மயக்கம் கொடுத்த மருத்துவருக்குச் சேர வேண்டிய 2,340 ராண்டை என் மெடிக்கல் எய்ட், அதாவது என் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், செலுத்திவிட்டதாம். ஏழு வாரங்கள், பதினொரு தொலைபேசி அழைப்புகள், நான்கு மின்னஞ்சல்களுக்குப் பிறகு! ஆகையால் இன்று வரவேண்டிய சமையல் காணொளி அடுத்த வாரம்தான் வரும். விலைச்சீட்டைப் படித்துக் காட்டாமல் நான் எந்தக் காணொளியையும் முடித்ததில்லை என்று கேலி செய்பவர்கள் இன்று என்னைச் சற்றுக் கூடுதலாகவே பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புரட்டாசி விரதக் காணொளியில் நான் படியேறிவிட்டு மூச்சு வாங்குவதைப் பார்த்து உங்களில் சிலர் கவலையோடு எழுதியிருந்தீர்கள். உண்மை என்னவென்றால், அதற்கு முன்பிருந்தே மலத்தில் அவ்வப்போது ரத்தம் தெரிந்துகொண்டிருந்தது. டர்பனுக்கு அருகே வெருலத்தில் எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் “மூலம்தான், காரத்தைக் குறை” என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. நானும் நான்கு மாதம் களிம்பு தடவிக்கொண்டு காலத்தைக் கடத்தினேன். இத்தனைக்கும் என் அண்ணனுக்கு 57 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ 60 வயதுக்குள் அந்த நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்போ, இவற்றில் எது முந்தியதோ அப்போதே ஸ்கோப் பார்த்துவிட வேண்டும் என்பதைக் குடும்ப மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு இப்போது 53.

அவர் கையுறை அணிந்து விரலால் சோதித்தார், ரத்தமும் எடுத்தார். ஹீமோகுளோபின் 10.4 இருந்தது, பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் ரத்தசோகை என்று கணக்கு. மூலம் இருக்கலாம், ஆனால் இவ்வளவு இறக்கத்துக்கு மூலத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு உட்கார முடியாது என்றார். மலத்தை மட்டும் கொடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்டேன். அந்தச் சோதனை அறிகுறி எதுவும் இல்லாதவர்களைச் சலித்தெடுப்பதற்கு உரியது, கண்ணுக்குத் தெரிந்தே ரத்தம் போகிறவர் நேராக ஸ்கோப்புக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி, டர்பனில் உள்ள ஓர் அறுவை மருத்துவரிடம் என்னை அனுப்பினார்.

இனி விலைக்கு வருகிறேன். பெரிய தனியார் மருத்துவமனையில் படுக்கை போட்டுச் செய்தால் என் கையிலிருந்து கட்ட வேண்டிய கோ-பேமென்ட் 5,900 ராண்ட். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் டே கிளினிக்கில் செய்தால் 2,100. அதே மருத்துவர், அதே குழாய், அதே அரைமணி நேரம்! வித்தியாசம் கட்டடத்தில்தான் இருக்கிறது. இதை யாரும் தானாக முன்வந்து சொல்லவில்லை, வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் “வேறு எங்கேயாவது செய்கிறாரா, அம்மா?” என்று நான் கேட்டதால் தெரிந்தது. அந்த ஒரு கேள்வி 3,800 ராண்ட் மிச்சப்படுத்தியது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, சிகிச்சைக்கு வசப்படும் புற்றுநோய், எந்த மெடிக்கல் எய்டும் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களுக்குள் அடங்கும். சோதனையில் அது உறுதியானால் அந்தச் சோதனைச் செலவையும் அந்தக் கணக்கிலேயே கேட்கலாம். அதாவது, நல்ல செய்தி வந்தால் என் பணம், கெட்ட செய்தி வந்தால் அவர்கள் பணம். நான் மனதார என் பணமே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

குடலைக் கழுவும் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று நாள் முன்பே பருப்பு, பீன்ஸ் கறி, தக்காளி விதை, பழுப்பு ரொட்டி எல்லாம் நிறுத்தம். வெள்ளைச் சோறும் முட்டையும் மீனும் மட்டும். முந்தைய நாள் தெளிந்த திரவ உணவுதான், அதிலும் சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் கூடாது, ஏனெனில் உள்ளே பார்க்கும்போது அது ரத்தம்போல் தோன்றும். எனக்குப் பச்சை ஜெல்லி கொடுத்தார்கள். ஜெல்லி என்ற பண்டத்தை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று பழைய நேயர்களுக்குத் தெரியும். மாலையில் சோடியம் பைகோசல்ஃபேட் என்ற பேதி மருந்துப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்தபோது குவளையே சுட ஆரம்பித்தது. கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான், கரையும்போது அப்படிச் சூடேறுவது இயல்பு, ஆறியபின் குடிக்கவும் என்று தாளில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

மாலை ஏழு மணிக்கு மருந்து வேலையைத் தொடங்கியது. ஏழரை மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் நிற்பது புதிதல்ல, ஆனால் பேதி மருந்து குடித்த இரவில் நின்றால் அதன் அருமை வேறு. கொல்லையில் தண்ணீர் சேமித்து வைக்கும் ஜோஜோ தொட்டியிலிருந்து என் மகள் வாளி வாளியாகச் சுமந்து வந்தாள். நான் சுவரில் கோடு போட்டு எண்ணினேன், விடிவதற்குள் 17 வாளி. இரண்டாவது பொட்டலத்தை அதிகாலை நான்கு மணிக்குக் குடிக்க வேண்டும், ஏனெனில் மருந்தைப் பிரித்துக் குடித்தால்தான் குடலின் வலப்பக்கம் சுத்தமாகத் தெரியுமாம். அந்த வேளையில் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்: ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், அது கறுப்பாகப் படிந்து பார்வையை மறைக்கும் என்பதால். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் சர்க்கரை நோயாளிகளும் எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், என் காணொளியை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

சோதனையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. இடப்பக்கமாகப் படுத்தேன், புரொபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறியது, கண் விழித்தபோது பிஸ்கட் கொடுத்தார்கள். ஆனால் அறிக்கையில் ஒரு வரி இருந்தது, அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குடல் எவ்வளவு சுத்தம் என்பதற்குப் போஸ்டன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. வலம், நடு, இடம் என மூன்று பகுதிக்கும் 3 மதிப்பெண் வீதம் மொத்தம் 9. நான் 9க்கு 9! பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்கூட முழு மதிப்பெண் வாங்காதவள் நான். 17 வாளித் தண்ணீர் வீண்போகவில்லை.

குடலின் இடப்பக்கத்து வளைவில் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு பாலிப், அதாவது உட்சுவரில் முளைத்த சிறு சதை வளர்ச்சி, இருந்தது, அதைக் கம்பிக் கண்ணியால் அங்கேயே அறுத்தெடுத்துவிட்டார். ஆய்வகம் அதை அடினோமா என்றது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் பல ஆண்டுகளில் அப்படி மாறக்கூடிய வகை. மூலமும் இருந்தது, இரண்டாம் நிலை. ஆகவே தெருக்காரர்கள் சொன்னது பொய்யல்ல, ஆனால் அந்த மூலத்துக்குப் பின்னால் இன்னொன்றும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அண்ணனுடைய வரலாற்றைக் கருதி ஐந்து ஆண்டில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்த 2,340க்கு வருகிறேன். ஒரே சோதனைக்கு கிளினிக், அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், ஆய்வகம் என நான்கு பில்கள் தனித்தனியாக வரும். மூன்று பில்கள் தகராறின்றிப் போயின. மயக்க மருத்துவரின் பில்லில் மட்டும் நோய்க் குறியீடு இசட் 12.1 என்றிருந்தது, அது அறிகுறி இல்லாதவரைச் சலித்தெடுக்கும் சோதனைக்கு உரியது. எனக்கோ ரத்தப்போக்கு, அதற்குரியது கே 62.5. அந்த ஒரு தவறால் மெடிக்கல் எய்ட் அந்தத் தொகையை மருத்துவமனைப் பலனில் சேர்க்காமல் அந்தத் திட்டத்துக்குள் இருக்கும் என் சேமிப்புக் கணக்கில் எடுக்கப் பார்த்தது, அங்கோ 310 ராண்ட்தான் மீதி இருந்தது. ஓரிடத்தில் கேட்டால் இன்னோரிடத்தில் கேள் என்பார்கள், அங்கே கேட்டால் கணினியைக் கை காட்டுவார்கள். கடைசியில் மயக்க மருத்துவரின் கணக்காளர் குறியீட்டைத் திருத்திப் புதிய பில்லை அனுப்பினார். அதற்கு அவருக்கு ஆன நேரம் ஐந்து நிமிடம்.

என் தம்பிக்கு 48 வயது. “எனக்கு ரத்தம் ஒன்றும் வரவில்லையே” என்று இழுத்துக்கொண்டிருந்தவனை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து வரும் மாதத்தில் நாள் வாங்கியிருக்கிறேன். அவனுடைய குறியீடு இசட் 80.0, குடும்பத்தில் செரிமான உறுப்புப் புற்றுநோய் வரலாறு. அதைத் தாளில் எழுதி அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். பில் அனுப்பும் அந்த நான்கு பேரிடமும் விலையையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டாகிவிட்டது. அவன் வீட்டில் ஜோஜோ தொட்டி இல்லை, அதனால் முந்தைய நாள் இரவு எங்கள் வீட்டுக்கு வருகிறான். வாளி சுமக்க இம்முறை தன்னால் முடியாது என்று மகள் இப்போதே அறிவித்துவிட்டாள்.