அழைத்தால் யார் வருவார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

போலீஸே வேண்டாம் என்று ஓர் ஊர் சொல்ல முடியுமா? அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம் சொல்லிப் பார்த்தது. 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலால் அழுத்திக் கொன்றார். இரண்டே வாரத்தில் நகர மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேர் ஒரு பூங்காவில் மேடையேறி, காவல்துறையைக் கலைப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகப் பொதுப் பாதுகாப்புத் துறை ஒன்றை அமைப்பது பற்றி 2021 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 56 பேர் மறுத்துவிட்டார்கள். கறுப்பின மக்கள் நிறைய வசிக்கும் வடக்குப் பகுதியிலும் இதே கதைதான். ஊரில் துப்பாக்கிச் சூடு கூடியிருந்த நேரம் அது. போலீஸ் மேல் கோபம் இருந்தது; கூப்பிட்டால் வர ஆளில்லாமல் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

எனக்கென்னவோ, அடுத்த மாதம் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. மனநெருக்கடி என்று அழைப்பு வந்தால், ஆயுதமில்லாத மனநல ஊழியர்கள் இருவர் வேனில் கிளம்பும் ஏற்பாடு அதே நகரில் தொடங்கியது.

இதற்கு முன்னோடி ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரம். 'கஹூட்ஸ்' என்ற பெயரில் 1989-லேயே அங்கே வேன் ஓடத் தொடங்கிவிட்டது. முதலுதவி தெரிந்தவர் ஒருவர், நொந்துபோனவரிடம் பேசத் தெரிந்தவர் ஒருவர். லத்தி கிடையாது, கைவிலங்கு கிடையாது, காக்கி மாதிரி சீருடையும் கிடையாது. நம்மூரில் போலீஸுக்கு 100, ஆம்புலன்ஸுக்கு 108 என்று பழகியிருக்கிறோம். அங்கே எல்லாவற்றுக்கும் 911 ஒன்றுதான். குடித்துவிட்டு நடைபாதையில் கிடப்பவர், சாகப்போகிறேன் என்பவர், குளிரில் விறைத்துக் கிடக்கும் வீடற்றவர், எல்லோரிடமும் துப்பாக்கியோடுதான் ஆள் போவார். கஹூட்ஸ் அந்த வழக்கத்தை மாற்றியது. 2019-ல் அவர்களுக்கு வந்த அழைப்புகள் ஏறக்குறைய 24,000. உதவிக்குப் போலீஸை அழைத்தது நூற்றுக்கு இரண்டைத் தாண்டவில்லை. கத்தியோடு நிற்கும் திருடனைப் பிடிக்க இவர்கள் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காவல்துறைக்குப் போகும் பணத்தை வீட்டுவசதிக்கும் மனநலத்துக்கும் திருப்புங்கள் என்பதுதான் காவல் ஒழிப்பு இயக்கத்தாரின் வாதம். யூஜீன், பக்கத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு என்ற இரண்டு நகரக் காவல்துறைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 9 கோடி டாலர் போன காலத்தில், இந்த வேனுக்குக் கிடைத்தது சுமார் 21 லட்சம். 2025 ஏப்ரலில், பணமில்லாமல், யூஜீனில் கஹூட்ஸ் நின்றுபோனது.

நன்றி, வணக்கம்.