கோப்பினை நகர்த்தியது எது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தற்காலிகமாக வேலைக்குப் புலம்பெயர்வோர் பற்றிய கொள்கையை வகுப்பது ஆய்வறிவா, அரசியல் நெருக்கடியா என்பது தலைப்பு. நெருக்கடியே என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணித் தலைவர் நியூசிலாந்தைக் காட்டினார். 2007இல் அங்கே பசிபிக் தீவினருக்கான பருவகால வேலைத் திட்டம் தொடங்கியது. ஆய்வாளர்கள் டொங்கா, வனுவாட்டு குடும்பங்களைத் தொடர்ந்து அளந்து, வருமானம் 30 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததைக் கண்டார்கள். மறுக்கவில்லை. அங்கே ஆய்வு சொன்னதும் பழத்தோட்டக்காரர் கேட்டதும் ஒன்றாக இருந்தன. இரண்டும் முரண்படும் இடத்தில் எது வெல்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இலங்கைக்கு வாருங்கள். மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் போன சிறுமிக்கு வயது 17, கடவுச்சீட்டில் 23. அவர் பராமரித்த குழந்தை இறந்த வழக்கில், 2013 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடே கலங்கியது. அரசு என்ன செய்தது? சவூதிக்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கியது. வயதைத் திருத்தி எழுதிய முகவரின் பேனாவுக்கு 23 என்ன, 25 என்ன? அதே ஆண்டு, வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண் தர வேண்டிய குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்குச் செல்ல முடியாது என்றார்கள். தகப்பனிடம் மட்டும் எவரும் அறிக்கை கேட்கவில்லை.

இக்கட்டுப்பாடு பெண்களை இலஞ்சத்துக்கும் பொய்ச் சான்றுக்கும் முறையற்ற வழிகளுக்கும் தள்ளுகிறது என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவும் 2017இல் அதைக் கைவிடும்படி கூறியது. கோப்பு அசையவில்லை.

பிறகு, 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்த புலம்பெயர் தொழிலாளரின் பணவரவு 2021இல் ஏறத்தாழ 549 கோடியாகச் சரிந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அடுத்த சில மாதங்களுக்குள் சவூதி உட்பட எல்லா நாடுகளுக்கும் குறைந்தபட்ச வயது 21 ஆனது. பின்னணி அறிக்கையின் நிபந்தனைகளும் தளர்ந்தன.

ஆய்வே கொள்கையை வகுக்கிறது என்னும் எதிரணியினர், 2017இல் மேசையில் இருந்த ஆய்வு 2022 வரை எதற்காகக் காத்திருந்தது என்று சொல்லட்டும், நடுவர் அவர்களே.