பருவத்துக்கு ஒரு பாணி, தறிக்கு என்ன வழி?

விழாத் தலைவர் அவர்களே, காஞ்சிபுரத்திலிருந்து நெடும்பயணம் செய்து வந்திருக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கப் பொறுப்பாளர்களே, இந்த அரங்கை ஆண்டுதோறும் வாடகையின்றித் தந்துதவும் பள்ளித் தாளாளர் அவர்களே, மகளிர் அணித் தலைவி அவர்களே, மும்பையின் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர்ப் பகுதிகளிலிருந்து மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். சென்ற ஆண்டும் என்னைப் பேச அழைத்த தாளாளர் அவர்களுக்குத் தனியே நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்தப் பருவத்தின் துணிச்சலான புதிய உடைகளைப் பற்றி என் மனத்தில் பட்டதைச் சொல்லப் பணித்திருக்கிறார்கள். நிறம், தையல், விலை என்று மூன்றாக வகுத்துக்கொள்கிறேன்.

முதலில் நிறம். லிங்கிங் ரோட்டுக் கடைகளில் கிளிப்பச்சைச் சட்டைக்கு ராணிக் கலர்க் கால்சட்டை போட்ட பொம்மைகளைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. எனக்கு அது மகிழ்ச்சியையே தருகிறது. சேலையில் அரக்கு உடலுக்குக் கிளிப்பச்சைக் கரையும், மஞ்சள் உடலுக்கு மயில்கழுத்துக் கரையும் வைத்து நம் பாட்டிமார் உடுத்தியதைவிடத் துணிச்சல் வேறு என்ன இருக்கிறது? அந்தக் கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என, குறுக்கிழையைக் கொண்டு செல்லும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும்; நெசவாளருக்குப் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். சேலையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: கரையும் உடலும் சேருமிடத்தில் இரு நிற இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு, சற்றே மேடு தட்டி, விரலில் நெருடும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் முன்னோர். இதையொட்டி ஒரு வரலாற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

1958-ஆம் ஆண்டு, வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் நம் நாட்டுக்கு வந்தார். கண்ணூர்க்காரரான கேப்டன் கிருஷ்ணன் நாயர், பிற்காலத்தில் இதே மும்பையின் சஹார் பகுதியில் லீலா ஹோட்டலைக் கட்டியவர், ஜேக்கப்சனுக்கு மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை விற்றார். தாவரச் சாயம் ஏற்றிய துணி அது. குளிர்ந்த நீரில் பதமாக அலச வேண்டும் என்று சொல்லியே கொடுத்தார்களாம். புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பழம்பெரும் நிறுவனம் அதை வாங்கி உடைகளாகத் தைத்து விற்றபோது, அந்த எச்சரிக்கை மட்டும் வாடிக்கையாளரிடம் போய்ச் சேரவில்லை. அவர்கள் வழக்கம்போல் இயந்திரத்தில் போட்டுத் துவைக்க, ஒரு கட்டத்தின் சாயம் அடுத்த கட்டத்தில் இறங்கியது, புகார்கள் குவிந்தன, வழக்கு என்றும் பேச்சு வந்தது. அப்போதுதான், ஒவ்வொரு சலவையிலும் சாயம் கலந்து புதுத் தோற்றம் தரும், அதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். அரங்கத்தினரே, அதே துணி 1960-களில் அமெரிக்கக் கல்லூரி இளைஞர்களின் கோடைப் பாணியாயிற்று! நம் தறியில் பிறந்த கட்டம், நம் ஊரின் பெயரைத் தாங்கியே கடல் கடந்து நின்றது.

தையலைப் பற்றி ஒன்றே சொல்வேன். முழங்காலில் கிழித்தே விற்கும் ஜீன்ஸை இளைஞர்கள் விரும்பி அணிவதில் எனக்கு வருத்தமில்லை; கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற சொல் அதற்கும் பொருந்தும். ஒரு பருவம் முடிந்ததும் நல்ல துணியைத் தூக்கி எறிவதுதான் என்னை வாட்டுகிறது. அந்தப் பருவமாவது நம்முடையதா? பாரிஸிலும் மிலானிலும் பிப்ரவரி, மார்ச்சில் காட்டுவது அடுத்து வரும் குளிர்காலத்துக்கான உடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும், ஆண்டில் பெரும்பகுதி புழுக்கமும் உள்ள இந்த நகரத்துக்கு, வியர்வையை உறிஞ்சி விரைவில் காயும் மெல்லிய பருத்திக் கைத்தறியல்லவா ஏற்றது?

விலையைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இடந்தராது. அதைவிட அவசரமான ஒன்றைத் தலைவர் அவர்கள் முன் வைக்கிறேன். 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் எழுந்த ஆகஸ்ட் 7-ஐ, 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளிலும் பொங்கல் விழாவிலும், நெசவாளர் சங்கங்கள் இடைத்தரகர் இன்றி நேரே விற்பதற்கு இந்த மன்றத்தின் முன்கூடத்தைக் கட்டணமின்றித் தர வேண்டும். வருகிற செயற்குழுவிலேயே இதைத் தீர்மானமாக்குங்கள். அதற்குள், வெளியே மேசை போட்டிருக்கும் காஞ்சிபுரத்து அன்பர்களிடம் கைத்தறி முத்திரையைப் பார்த்து, ஆளுக்கொரு துண்டாவது வாங்கிச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.